வேப் சட்டம் மாறுகிறது, நான் என்ன செய்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேப் எனப்படும் மின்சிகரெட்டுக்கான சட்டங்கள் நாட்டுக்கு நாடு மாறிக்கொண்டே இருக்கின்றன. இப்படி ஒரு செய்தி வரும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது, பல வருடம் சிகரெட் பிடித்து, இரண்டு மூன்று முறை நிறுத்தித் தோற்று, கடைசியில் வேப்புக்கு மாறி நிம்மதியானவர்கள்தான். கைக்குப் பழகிய கருவி அடுத்த மாதம் கிடைக்காது என்றால், அவர்களுக்கு எட்டும் தூரத்தில் இருப்பது சிகரெட் பெட்டி. அங்கே யாரும் திரும்பிப் போகக்கூடாது என்ற கவலையில் எழுதியது இது. உங்கள் உடல்நிலைக்கு எது சரி என்பதை மருத்துவரிடம் கேளுங்கள். அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொள்ள இதைப் படியுங்கள்.

"தடை" என்று செய்தியில் வருகிறது. எதைத் தடை செய்கிறார்கள்?

அந்த ஒரு சொல்லுக்குள் பல விஷயங்கள் இருக்கின்றன. விற்பது, இறக்குமதி செய்வது, கையில் வைத்திருப்பது, பயன்படுத்துவது என்று ஒவ்வொன்றும் தனி. சில நாடுகளில் எல்லாமே தடை. சில இடங்களில் ஒரு வகைக் கருவிக்கு மட்டும் தடை.

இந்தியாவில் 2019-ஆம் ஆண்டுச் சட்டம் மின்சிகரெட்டின் உற்பத்தி, இறக்குமதி, ஏற்றுமதி, விற்பனை, விநியோகம், சேமிப்பு, விளம்பரம் எல்லாவற்றையும் தடை செய்கிறது. சிங்கப்பூரில் 2018 பிப்ரவரி முதல் வாங்குவதும் வைத்திருப்பதும் பயன்படுத்துவதும்கூடக் குற்றம். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து நான்கிலும் 2025 ஜூன் 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் டிஸ்போசபிள் வேப்பின் விற்பனைக்கு மட்டும் தடை. திரும்ப நிரப்பும் கருவிகளை வாங்கலாம். பெல்ஜியமும் பிரான்சும் அதே ஆண்டுத் தொடக்கத்தில் டிஸ்போசபிளை நிறுத்திவிட்டன.

ஆஸ்திரேலியா வேறு பாதையில் போனது. 2024 ஜூலை முதல் வேப் மருந்துக்கடையில் மட்டும்தான். முதலில் மருத்துவர் சீட்டு கட்டாயமாக இருந்தது. அந்த அக்டோபர் முதல், 18 வயது நிறைந்தவர் மருந்தாளரிடம் பேசிவிட்டு, ஒரு மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம் வரை நிக்கோட்டின் உள்ளதைச் சீட்டு இல்லாமலும் வாங்கலாம் என்று மாற்றினார்கள். சுவை புகையிலை, புதினா, மென்தால் மட்டுமே.

ஆகவே செய்தியைப் படித்ததும் மூன்று கேள்விகளுக்குப் பதில் தேடுங்கள். நான் பயன்படுத்தும் கருவிக்கு இது பொருந்துமா? எந்தத் தேதியிலிருந்து? கையில் இருப்பதற்கும் பொருந்துமா? அரசின் அறிவிப்பிலேயே படியுங்கள். யாரோ முன்னனுப்பிய வாட்ஸ்அப் செய்தியை நம்பிப் பதற வேண்டாம்.

தடை செய்கிறார்கள் என்றால் வேப் சிகரெட்டை விடவும் மோசமானதா?

இல்லை. இந்தத் தவறான எண்ணம்தான் நிறைய பேரைத் திரும்ப சிகரெட்டுக்குத் தள்ளுகிறது என்பது என் வருத்தம்.

சிகரெட்டில் புகையிலை எரிகிறது. எரியும்போது தார், கார்பன் மோனாக்சைடு, புற்றுநோய் உண்டாக்கும் பல வேதிப்பொருள்கள் நுரையீரலுக்குள் போகின்றன. வேப்பில் எதுவும் எரிவதில்லை. புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், நிக்கோட்டின், சுவையூட்டி கலந்த திரவம் சூடாகி ஆவியாகிறது. அதனால் முறையாகத் தயாரித்த வேப்பில் நச்சுப் பொருள்களின் அளவு சிகரெட்டை ஒப்பிட்டால் மிகக் குறைவு.

அதற்காக அது பாதிப்பே இல்லாதது என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. நிக்கோட்டின் அடிமைப்படுத்தும். இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றும். இருபது, முப்பது வருடம் தொடர்ந்து இழுத்தால் என்ன ஆகும் என்று பார்க்கும் அளவுக்கு இந்தக் கருவிகளுக்கே இன்னும் வயதாகவில்லை. எப்போதும் சிகரெட் தொடாதவர் வேப்பைத் தொடவே தேவையில்லை. ஏற்கெனவே சிகரெட் பிடிப்பவர் முழுவதுமாக மாறினால் அவருக்கு ஆபத்து குறைகிறது. இரண்டும் உண்மை. சட்டம் போடுபவர்கள் முதல் உண்மையை, அதாவது பிள்ளைகள் பழகிவிடக்கூடாது என்பதை, முன்னால் வைக்கிறார்கள். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டாவது உண்மை உங்களுக்கு முக்கியம் என்றால் அதை மறந்துவிடாதீர்கள்.

சிகரெட்டை நிறுத்த வேப் உண்மையில் உதவுகிறதா, விளம்பரமா?

உதவுகிறது என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துச் சலித்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பின் மதிப்பீட்டில், 100 பேர் நிக்கோட்டின் உள்ள வேப்பைக் கொண்டு முயன்றால் ஏறக்குறைய 8 முதல் 11 பேர் ஆறு மாதமோ அதற்கு மேலோ சிகரெட் இல்லாமல் இருக்கிறார்கள். தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பேட்ச், நிக்கோட்டின் சூயிங்கம் (கம்) போன்றவற்றால் 6 பேர். எந்த மருந்தும் இல்லாமல் முயன்றால் 4 பேர்.

2019-இல் வந்த ஒரு பிரிட்டிஷ் ஆய்வில் 886 பேர் கலந்துகொண்டார்கள். ஓராண்டு முடிவில் வேப் பெற்றவர்களில் 18 சதவீதம் பேர் சிகரெட் இல்லாமல் இருந்தார்கள். பேட்ச், கம் போன்றவற்றைப் பெற்றவர்களில் 9.9 சதவீதம். ஆனால் அதே ஆய்வில் இன்னொரு விவரமும் உண்டு, அதை யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. வேப்பால் வெற்றி பெற்றவர்களில் 80 சதவீதம் பேர் ஒரு வருடம் கழித்தும் வேப் இழுத்துக்கொண்டிருந்தார்கள். பேட்ச், கம் போன்றவற்றால் வெற்றி பெற்றவர்களில் 9 சதவீதம் பேர்தான் அவற்றைத் தொடர்ந்தார்கள். சட்டம் மாறும்போது சிக்கிக்கொள்வது அந்த 80 சதவீதம்தான்.

உலக சுகாதார நிறுவனத்தின் பார்வை வேறு. புகையிலையை விடுவதற்காக 2024-இல் அது வெளியிட்ட முதல் சிகிச்சை வழிகாட்டியில் வேரனிக்ளின், புப்ரோபியான், சைட்டிசின் ஆகிய மருந்துகளையும், பேட்ச், கம் போன்ற நிக்கோட்டின் மாற்றுச் சிகிச்சையையும் பரிந்துரைத்தது. வேப் அந்தப் பட்டியலில் இல்லை.

நான் வேப்பால்தான் சிகரெட்டை நிறுத்தினேன். இங்கே தடை வரப்போகிறது. என்ன செய்வது?

முதலில் ஒன்றை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். அரசு குறித்த தேதி விற்பவர்களுக்கானது. நீங்கள் விடும் தேதியை நீங்களே, அதற்கு முன்னால் குறியுங்கள். அந்தத் தேதி வரட்டும் என்று காத்திருந்து, கருவியில் பொருத்தும் திரவக் குப்பியான பாட் கடைசியும் தீர்ந்துபோன இரவில் முடிவெடுப்பவர்தான் மறுநாள் காலை சிகரெட் வாங்குகிறார்.

எட்டு முதல் பன்னிரண்டு வாரம் கையில் இருந்தால் நிதானமாக இறங்கலாம். இப்போது எந்த அளவு நிக்கோட்டின் பயன்படுத்துகிறீர்கள் என்று பெட்டியில் பாருங்கள். 20 மி.கி. என்றால் 10-க்கு இறங்குங்கள். இரண்டு மூன்று வாரம் அங்கேயே நில்லுங்கள். தாங்க முடிகிறது என்று தோன்றிய பிறகு 5. அதற்குப் பிறகு சுழியம், அல்லது நேராக நிறுத்தம். ஒரு படியில் தடுமாறினால் அந்தப் படியிலேயே இன்னும் ஒரு வாரம் இருந்தால் ஒன்றும் கெட்டுவிடாது. சிகரெட் ஆசை திரும்ப எட்டிப்பார்த்தால், ஒரு படி ஏறிக்கொள்வதுகூடச் சரிதான்.

அளவைக் குறைப்பதோடு இடத்தையும் நேரத்தையும் குறையுங்கள். என் நண்பர் ஒருவர் இப்படித்தான் தொடங்கினார். சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொண்டு, வேப்பை எடுக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு கோடு போட்டார். மூன்றாம் நாள் பார்த்தபோது அவருக்கே ஆச்சரியம்: பாதிக்கு மேற்பட்ட கோடுகள் தொலைபேசிப் பேச்சின்போது விழுந்திருந்தன. மணி அடித்ததும் வலது கை போனை எடுக்கும், இடது கை தானாகப் பைக்குப் போகும். நிக்கோட்டின் தேவைப்பட்டதால் அது நடக்கவில்லை, கை பழகியிருந்தது. அப்புறம் அவர் கருவியை அடுத்த அறை அலமாரியில் வைத்தார். போன் வந்தால் இடது கையில் பேனாவைப் பிடித்துக்கொண்டார். முதல் வாரத்திலேயே கோடுகள் மளமளவென்று குறைந்தன. பிறகுதான் அவர் நிக்கோட்டின் அளவில் கைவைத்தார்.

இரண்டு வாரம்தான் இருக்கிறது, அல்லது ஏற்கெனவே தேதி கடந்துவிட்டது என்றால் படிப்படியாக இறங்க நேரமில்லை. அப்போது வேப்பின் இடத்தில் பேட்ச், கம் இரண்டையும் வையுங்கள். மருத்துவரையோ மருந்தாளரையோ உடனே பாருங்கள், "வேப் இழுத்தேன்" என்று வெட்கப்படாமல் சொல்லுங்கள். தடை உள்ள நாட்டிலும் மருத்துவர் உங்களுக்குச் சிகிச்சை தருபவர். அவர் உங்களைப் பிடித்துக்கொடுக்க உட்கார்ந்திருக்கவில்லை.

எங்கள் நாட்டில் நிக்கோட்டின் உச்சவரம்பைக் குறைத்துவிட்டார்கள். அது என்னை எப்படிப் பாதிக்கும்?

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2016 முதல் ஒரு மில்லிலிட்டருக்கு 20 மி.கி. உச்சவரம்பு. கருவிக்குள் திரவம் நிற்கும் டாங்க் 2 மி.லி., நிரப்பும் புட்டி 10 மி.லி. என்று அவற்றுக்கும் எல்லை. கனடாவும் 2021-இல் 20 மி.கி.க்கு வந்தது. பெட்டியில் சதவீதமாகப் போட்டிருந்தால் குழம்ப வேண்டாம். 2 சதவீதம் என்பது சுமார் 20 மி.கி., 5 சதவீதம் என்பது சுமார் 50 மி.கி.

5 சதவீதத்துக்குப் பழகியவர் ஒரே நாளில் 2-க்கு வந்தால் பாதிக்கும் குறைவாகக் கிடைக்கிறது. உடம்பு சும்மா இருக்காது. இழுப்பு நீளும், எண்ணிக்கை கூடும், நாள் முழுக்கக் கருவி கையிலேயே இருக்கும். முதல் ஒன்றிரண்டு வாரம் இது இயல்பு. ஆனால் அதிகம் இழுக்க இழுக்க அதிக ஆவியும் அதிலுள்ள மற்ற பொருள்களும் உள்ளே போகின்றன என்பதால் இப்படியே தொடர்வது நல்லதில்லை. ஒரு பேட்ச் ஒட்டிக்கொண்டால் அந்தப் பள்ளத்தை நிரப்பிவிடலாம். இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவது பற்றி மருந்தாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். தலைசுற்றல், குமட்டல், படபடப்பு வந்தால் நிக்கோட்டின் கூடிவிட்டது என்று பொருள். குறையுங்கள்.

பழச்சுவை எல்லாம் போய்விடும் என்கிறார்கள். புகையிலைச் சுவை எனக்குப் பிடிக்காது.

பழச்சுவைதான் பிள்ளைகளை இழுக்கிறது என்பதால் பல அரசுகள் அதில் கைவைக்கின்றன. அமெரிக்கா 2020-இல் பாட் வகைக் கருவிகளில் புகையிலை, மென்தால் தவிர மற்ற சுவைகளின் மீது நடவடிக்கை எடுத்தது. கனடாவின் கியூபெக் மாநிலம் 2023 அக்டோபர் இறுதியில் புகையிலைச் சுவை தவிர எல்லாவற்றையும் நிறுத்தியது.

இதில் பெரியவர்களுக்கு ஒரு இழப்பு இருக்கிறது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். சிகரெட்டின் ருசியை மறக்கவே பழச்சுவைக்கு மாறினவருக்கு, புகையிலைச் சுவை பழைய நினைவைக் கிளறுகிறது. மென்தாலோ புதினாவோ கிடைத்தால் அதற்கு மாறுங்கள். எதுவுமே ஒத்துவரவில்லை என்றால், வேப்பையே விட இது ஒரு நல்ல தருணம். ருசி பிடிக்காத ஒன்றை விடுவது பிடித்ததை விடுவதைவிட எளிது.

வீட்டில் நீங்களே சுவை எண்ணெயையோ எசென்சையோ கலக்க முயலாதீர்கள். வயிற்றுக்குள் போகத் தகுந்தது நுரையீரலுக்குத் தகுந்ததாக இருக்க வேண்டியதில்லை. எண்ணெய் நுரையீரலுக்குள் போவது ஆபத்து.

டிஸ்போசபிள் மட்டும் நின்றுவிட்டது. நான் என்ன வாங்குவது?

சட்டம் அனுமதிக்கும் இடமென்றால், மின்னேற்றம் செய்து, திரவம் நிரப்பித் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் கருவி. அதே அளவு நிக்கோட்டினில் தொடங்குங்கள். பழைய டிஸ்போசபிள்களைக் குப்பைத்தொட்டியில் போடாதீர்கள், உள்ளே லித்தியம் மின்கலம் இருக்கிறது. குப்பை வண்டியில் நசுங்கினால் தீப்பிடிக்கும். மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள்.

வேப்புக்கு வரி ஏறினால் சிகரெட்டே மேல் என்று ஆகிவிடாதா?

அந்த ஆபத்து உண்மை. பிரிட்டிஷ் அரசு 2026 அக்டோபர் முதல் 10 மி.லி. திரவத்துக்கு 2.20 பவுண்டு வரி என்று அறிவித்தபோது, அதே நாளில் புகையிலை வரியையும் சேர்த்து ஏற்றுவதாகச் சொன்னது இதற்காகத்தான். சிகரெட்டுக்கும் வேப்புக்கும் இடையிலான விலை இடைவெளி சுருங்கினால் மனிதர்கள் பழைய இடத்துக்கே போவார்கள்.

எனக்கு இதில் ஒரு குறை உண்டு. அந்த வரி நிக்கோட்டின் அளவைப் பார்ப்பதில்லை, திரவத்தின் அளவைப் பார்க்கிறது. நிக்கோட்டினைப் படிப்படியாகக் குறைப்பவர் நடுவில் சில வாரம் அதிகத் திரவம் பயன்படுத்துவார். அதாவது, விட முயல்கிறவர்தான் அந்தச் சில வாரம் அதிக வரி கட்டுகிறார். இப்படி வரி வரும் நாட்டில் இருந்தால், குறைக்கும் முயற்சியை வரி தொடங்கும் முன்பே ஆரம்பித்துவிடுங்கள்.

கடையில் இல்லை, ஆனால் தெரிந்தவர் மூலம் கிடைக்கிறது. வாங்கலாமா?

வேண்டாம். சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை.

2019-இல் அமெரிக்காவில் திடீரென்று இளைஞர்கள் மூச்சுத் திணறலோடு மருத்துவமனைக்கு வர ஆரம்பித்தார்கள். 2020 பிப்ரவரிக்குள் 2,807 பேர் பாதிக்கப்பட்டார்கள், 68 பேர் இறந்துபோனார்கள். பெரும்பாலும் கஞ்சாச் சத்து கலந்த, கள்ளச்சந்தையில் வாங்கிய பாட்கள். அவற்றைக் கெட்டியாகக் காட்டுவதற்காகச் சேர்த்த வைட்டமின் இ அசிடேட்தான் முதன்மைக் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். சிங்கப்பூரில் மயக்க மருந்தான எட்டோமிடேட்டை வேப்பில் கலந்து விற்றது பரவியதால், 2025 செப்டம்பரில் அதைப் போதைப்பொருள் பட்டியலில் சேர்த்தார்கள். ஆஸ்திரேலியாவில் "நிக்கோட்டின் இல்லை" என்று ஒட்டியிருந்த பல வேப்களைச் சோதித்தபோது உள்ளே நிக்கோட்டின் இருந்தது.

பாட் குப்பிக்குள் என்ன இருக்கிறது என்பது கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாது. மூடியிட்ட பிளாஸ்டிக், நான்கு நிற அச்சு, பளபளப்பான பெட்டி எல்லாம் யார் வேண்டுமானாலும் தயாரிக்கலாம். கள்ளச்சந்தை வேப்பா, நிறுத்தமா என்று மட்டும் இருந்தால் நிறுத்தத்தைத் தேர்ந்தெடுங்கள், பேட்சின் துணையோடு.

தடைக்கு முன் நிறைய வாங்கிச் சேர்த்துவைத்தால்?

சில நாடுகளில் சேமிப்பதே குற்றம், முதலில் அதைப் பாருங்கள். அனுமதி இருந்தாலும், குறைத்துக்கொண்டே போய் முடிக்கும் திட்டத்துக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவுதான். அலமாரி நிறைய இருந்தால் இழுப்பதும் கூடும். நிக்கோட்டின் திரவம் குழந்தைக்குக் கொஞ்சம் வயிற்றில் போனாலும் விஷம், தோலில் பட்டாலும் உறிஞ்சப்படும். பூட்டி வையுங்கள்.

பேட்ச், கம் முன்பே முயன்றேன். பலிக்கவில்லை.

இதைச் சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, "கம்மை எப்படி மென்றீர்கள்?" என்றுதான். பெரும்பாலோர் சாதாரண சூயிங்கம் மாதிரி மென்று, எச்சிலை விழுங்கி, விக்கலும் நெஞ்செரிச்சலும் வந்து துப்பிவிட்டிருப்பார்கள். நிக்கோட்டின் வயிற்றுக்குள் போனால் வேலை செய்யாது. வாயின் உட்சுவர் வழியாக ரத்தத்துக்குப் போக வேண்டும்.

முறை இதுதான். மெதுவாக மெல்லுங்கள். கொஞ்ச நேரத்தில் மிளகு கடித்தது போல் நாக்கில் சுருக்கென்று இருக்கும். உடனே மெல்வதை நிறுத்தி, கம்மைக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கிவிடுங்கள். சுருக்கு அடங்கியதும் மறுபடி நாலைந்து முறை மெல்லுங்கள், இந்த முறை மறுபக்கக் கன்னத்தில் ஒதுக்குங்கள். அரை மணி நேரம் இப்படி. போடுவதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்தே காபி, பழச்சாறு, குளிர்பானம் வேண்டாம். அவற்றின் அமிலம் நிக்கோட்டினை உறிஞ்சவிடாது.

இரண்டாவது காரணம் அளவு. ஒரு நாளைக்கு 10 சிகரெட்டுக்கு மேல் பிடித்தவர் பொதுவாக 21 மி.கி. பேட்சில் தொடங்கி, ஆறு வாரம் கழித்து 14, பிறகு 7 என்று இறங்குவார். பலர் பயந்துகொண்டு 7-இல் தொடங்கி, தவிப்பு தாங்காமல் விட்டுவிடுகிறார்கள். பேட்சைக் காலையில் முடியில்லாத, காய்ந்த தோலில், மேல்கையிலோ மார்பிலோ ஒட்டுங்கள். தினமும் இடத்தை மாற்றுங்கள். இரவில் கெட்ட கனவு வந்தால் படுக்கும்முன் எடுத்துவிடலாம்.

மூன்றாவது, ஒன்றை மட்டும் முயன்றது. பேட்ச் நாள் முழுக்க அடித்தளம் போல் இருக்கும். திடீரென்று எழும் ஆசைக்கு அது போதாது, அங்கே கம் வேண்டும். இரண்டையும் சேர்த்தால் தனித்தனியாக விடச் சிறந்த பலன் என்று ஆய்வுகள் சொல்கின்றன.

இதற்கும் மசியவில்லை என்றால் வேரனிக்ளின் மாத்திரை. மருத்துவர் சீட்டு வேண்டும். வழக்கமாக, நிறுத்தும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே தொடங்கி 12 வாரம் எடுப்பார்கள். குமட்டல் வரலாம், சாப்பிட்டபின் நிறையத் தண்ணீரோடு போட்டால் குறையும்.

சிகரெட் பிடித்ததே இல்லை, வேப் மட்டும்தான். எனக்கும் இவை பொருந்துமா?

பெரும்பாலும் பொருந்தும். 2025-இல் வெளிவந்த ஒரு அமெரிக்க ஆய்வில், தினமும் அல்லது அநேகமாகத் தினமும் வேப் இழுத்த 16 முதல் 25 வயது வரையான 261 பேரிடம் வேரனிக்ளினைச் சோதித்தார்கள். சிகிச்சையின் கடைசி மாதத்தில் மாத்திரை எடுத்தவர்களில் 51 சதவீதம் பேர் வேப் இல்லாமல் இருந்தார்கள், போலி மாத்திரை எடுத்தவர்களில் 14 சதவீதம். விட்டபின் தவிப்பு முதல் இரண்டு மூன்று நாள்களில் உச்சத்தில் இருக்கும். எரிச்சல், தூக்கமின்மை, கவனச்சிதறல் எல்லாம் வரும். இரண்டு முதல் நான்கு வாரத்தில் தணியும். ஒவ்வொரு ஆசையும் சில நிமிடம்தான் நீடிக்கும். அந்தச் சில நிமிடத்துக்கு எழுந்து நடங்கள், தண்ணீர் குடியுங்கள், யாரையாவது கூப்பிடுங்கள்.

மற்ற மருந்துகள் எடுக்கிறேன். கவனிக்க ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது, பலருக்கும் இது தெரியாது. சிகரெட் புகையில் உள்ள பொருள்கள் ஈரலைத் தூண்டி சில மருந்துகளை வேகமாகக் கரைக்கும். புகையை நிறுத்தியதும், வேப்புக்கு மாறினாலும்கூட, அந்த வேகம் குறைந்து ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறும். மனநல மருந்தான குளோசபின், மூச்சுக்கான தியோபிலின் எடுப்பவர்கள் நிறுத்தும் முன்பே மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். திரும்பச் சிகரெட்டுக்குப் போனாலும் அளவு மாறும், அதையும் சொல்லுங்கள். காபிக்கும் இதே கதை. வழக்கமான காபியே திடீரென்று படபடப்பைத் தந்தால் பாதியாகக் குறையுங்கள்.

கர்ப்பமாக இருக்கிறேன்.

நிக்கோட்டின் எதுவும் இல்லாமல் இருப்பதே சிறந்தது. முடியவில்லை என்றால் தனியாகப் போராட வேண்டாம், உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் இன்றே சொல்லுங்கள். சிகரெட்டுக்கு மட்டும் திரும்பாதீர்கள்.

என் பிள்ளையின் பையில் வேப் கிடைத்தது.

திட்டும் முன் என்ன கருவி, எவ்வளவு நாளாக, காலையில் எழுந்ததும் தேடுகிறானா என்று கேளுங்கள். எழுந்த கொஞ்ச நேரத்திலேயே தேடினால் உடம்பு பழகிவிட்டது என்று அர்த்தம். அப்போது அவனுக்குத் தேவை மருத்துவ உதவி. மூளை ஏறக்குறைய 25 வயது வரை வளர்கிறது, அந்த வயதில் நிக்கோட்டின் வேகமாகப் பிடித்துக்கொள்ளும். பிடுங்கி எறிந்தால் இன்னொன்று வாங்குவான், அதுவும் நீங்கள் பார்க்காத இடத்திலிருந்து.

வெளிநாடு போகும்போது எடுத்துப் போகலாமா?

போகிற நாடு மட்டுமில்லாமல், இடையில் விமானம் மாறும் நாட்டின் சட்டத்தையும் பாருங்கள். தாய்லாந்து 2014 முதல் இறக்குமதியைத் தடை செய்திருக்கிறது, பயணிகளுக்கும் அபராதம் உண்டு. அனுமதி உள்ள இடத்துக்கென்றால் கருவியைக் கைப்பையில் வையுங்கள், சரக்குப் பெட்டியில் வைக்கக்கூடாது. விமானத்துக்குள் மின்னேற்றவும் கூடாது. தடை உள்ள நாட்டுக்குப் போவதென்றால் பேட்சும் கம்மும் எடுத்துப் போங்கள்.

வேப் கிடைக்காமல் போனதும் தாங்க முடியாமல் ஒரு சிகரெட் பிடித்துவிட்டேன். எல்லாம் போய்விட்டதா?

போகவில்லை. ஆனால் "ஒன்றுதானே, தினமும் ஒன்றோடு நிறுத்திக்கொள்வேன்" என்று மட்டும் எண்ணாதீர்கள். தினமும் ஒரே ஒரு சிகரெட் பிடிப்பவருக்கும், 20 பிடிப்பவருக்கு இருக்கும் கூடுதல் இதய நோய் ஆபத்தில் கிட்டத்தட்டப் பாதி இருக்கிறது என்று 2018-இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு காட்டியது.

பெட்டியில் மீதி இருப்பதைத் தண்ணீரில் நனைத்துக் கொட்டிவிடுங்கள். பேட்ச் ஒட்டியிருந்தால் அப்படியே இருக்கட்டும், ஒரு சிகரெட் பிடித்ததற்காக அதை எடுக்க வேண்டியதில்லை. எத்தனை மணிக்கு, எங்கே, யாரோடு இருந்தபோது பிடித்தீர்கள் என்று ஒரு வரி எழுதிவையுங்கள். நாளை அதே நேரத்துக்குக் கால் மணி முன்னால் ஒரு கம் வாயில் இருக்கட்டும்.